மத்தியான ஓய்வுக்கு யார் கூலி கொடுப்பது?

திருச்சுழிப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு இரண்டு அனல். ஒன்று தலைக்கு மேலே காய்வது, இன்னொன்று அவர்களே மூட்டி வைத்தது. சீமைக்கருவேல மரத்தை வெட்டி, முள் கழித்து, தூரையும் தோண்டியெடுத்து, கட்டைகளைக் கோபுரமாக அடுக்குகிறார்கள். அதன்மேல் இலைதழையோ வைக்கோலோ பரப்பி, மண்ணைக் குழைத்துப் பூசி மூடிவிடுகிறார்கள். தீ வைத்த பிறகு உள்ளே காற்று அளவாகத்தான் போக வேண்டும். வெள்ளைப் புகை திரளாக வரும்வரை கட்டையின் ஈரம் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். புகை மெலிந்து நீலம் பாய்ந்தால் கரி பதத்துக்கு வந்துவிட்டது. இடையில் பூச்சு எங்காவது வெடித்தால் அந்த வழியாகக் காற்று புகுந்து, அத்தனை நாள் பாடும் சாம்பலாகிவிடும். அதனால் ராப்பகலாக ஓர் ஆள் காவல் இருக்க வேண்டும். வெடிப்பு கண்ட இடத்துக்கு மண்ணும் தண்ணீருமாக ஓடி அடைக்க வேண்டும். கத்திரி வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்கு வெடித்தாலும் அப்போதே அடைத்தாக வேண்டும். வெயில் தாழட்டும் என்று இருக்க முடியாது.

அருப்புக்கோட்டை, காரியாபட்டி, நரிக்குடி வட்டாரத்துக்கு வெயில் புதிதல்ல. கரிசல் மண் பகலெல்லாம் குடித்த சூட்டைக் காலடியில் திருப்பித் தரும். அதற்கு ஏற்ற பழக்கங்களும் இங்கே உண்டு. விடியும் முன்பே கிளம்பி, பத்து மணிக்குள் பாதி வேலைக்கு மேல் முடித்துவிடுவார்கள். கம்மங்கூழ், நீராகாரம், உப்புப் போட்ட மோர், தலையில் நனைத்துப் போட்ட துண்டு, வேப்பமர நிழல் எல்லாம் அவர்கள் அறிந்ததே. வியர்வையில் நீரோடு உப்பும் போகிறது, இரண்டையும் சேர்த்துத்தான் ஈடுகட்ட வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதும் இதைத்தான். ஆகவே ‘தண்ணீர் குடியுங்கள், வெளியே போகாதீர்கள்’ என்று ஆண்டுதோறும் வருகிற அறிவிப்பு இவர்களுக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை. நிழலில் ஒதுங்க விடாமல் இவர்களைப் பிடித்து நிறுத்துவது கூலிக் கணக்கு.

கரிக்கு மூட்டைக் கணக்கு. விறகுக்கு எடைக் கணக்கு. தறிக்குச் சேலைக் கணக்கு. உச்சிவெயிலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால், அந்த மூன்று மணி நேரத்துக் காசு உட்கார்ந்தவர் கையிலிருந்துதான் போகிறது. கண்மாயில் மண் வெட்டும் நூறு நாள் வேலையிலும் அளவு எடுத்துத்தான் கூலி. தண்ணீர் வற்றி இறுகிய மண்ணில் கோடையில் மண்வெட்டி இறங்குவதே பாடு. அந்த வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டம் வேலையிடத்தில் நிழல், குடிநீர், முதலுதவி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. எழுதியபடி எல்லா இடத்திலும் நிழல் வந்துவிடவில்லை.

கூரைக்குள் வேலை என்றால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். அருப்புக்கோட்டை மில் ஊர். பருத்தி இழைக்கு ஈரம் இருந்தால்தான் பலம். காற்று உலர்ந்தால் நூல் அறும், பஞ்சு பறக்கும். அதற்காகவே நூற்பாலைக்குள் ஈரப்பதத்தைக் கூட்டி வைக்கிறார்கள். உடம்புக்கு வேண்டியதோ நேர் எதிர். வியர்வை ஆவியாகிப் போனால்தான் உடம்பு குளிரும். ஈரக் காற்றில் வியர்வை வழியுமே தவிரக் காயாது. மோட்டார்களின் சூடு வேறு. இருந்தும் ஆலைத் தொழிலாளிக்குச் சட்டத்தின் துணை கொஞ்சம் இருந்தது: 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கோடையில் குடிநீரைக் குளிரவைத்துத் தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. கரிமூட்டத்துக்கும் வீட்டுத் தறிக்கும் அதுவும் எட்டவில்லை.

பெண்களின் பாடு இன்னும் கடுமை. ஒதுங்க ஒரு மறைவு இல்லாத வெட்டவெளியில், தாகம் எடுத்தாலும் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார்கள். உடம்பு அதிகம் கேட்கிற நேரத்தில்தான் இந்தக் கட்டுப்பாடு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017 முதல் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலையும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. இதைப் படித்த பிறகும் வெயிலை வெறும் அசௌகரியம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

கத்தார் 2021-இல் போட்ட விதிப்படி, ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது. பக்கத்துக் கேரளத்திலும் கோடை கடுமையாகும்போது பகல் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை வேண்டாம் என்று தொழிலாளர் துறை ஆணை போடுகிறது. இந்தச் சீமையிலிருந்து வளைகுடாவுக்குக் கட்டட வேலைக்குப் போகிறவருக்குக் கிடைக்கிற மத்தியான நிழல், ஊரில் கரி சுடுகிற அவருடைய அண்ணனுக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல காரியம்தான். ஆனால் உயிரோடு இருக்கிறவர் ஒரு மத்தியானம் ஒதுங்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஒதுங்குவதற்குக் காசு தரும் வழி நாட்டில் இல்லாமல் இல்லை. குஜராத்தில் பிறந்த சேவா பெண்கள் சங்கம், வெப்பம் கடுமையாகும் நாள்களுக்கு ஒரு காப்பீடு நடத்துகிறது. 2024 கோடையில் சுமார் 50,000 பெண்களுக்கு ஆளுக்கு 400 ரூபாய் போய்ச் சேர்ந்தது. ஒரு நாள் கூலியைக்கூட முழுதாக ஈடுகட்டாத தொகையாக இருக்கலாம். இருந்தாலும், உட்கார்ந்த நேரத்துக்கும் காசு உண்டு என்பதை அது ஏற்றுக்கொள்கிறது.

விருதுநகர் மாவட்டத்தில் இதைத் தொடங்க ஆயத்தம் அதிகம் வேண்டாம். மூட்டத்துக்கு ஒருவர் இருந்த இடத்தில் இருவர் மாறி மாறிக் காவல் இருக்கலாம். பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகையும் பெண்களுக்கு மறைவாக ஒரு கழிப்பிடமும் போடலாம். பங்குனியில் கூலி பேசும்போதே சித்திரை, வைகாசிக்கு மூட்டைக்கு இவ்வளவு கூடுதல் என்று பேசிவிடலாம். அந்தக் கூடுதலைக் கரி சுடுகிறவரோ, அவரிடம் வாங்கி லாரி ஏற்றுகிற உள்ளூர் வியாபாரியோ தனியாகச் சுமக்க முடியாது. வெளியூர் ஓட்டல் அடுப்புகளுக்கும் ஆலைகளுக்கும் கரி வாங்குகிறவர்கள் கொடுக்கும் விலையில் அது ஏற வேண்டும்.