மாதிரியுருவும் செய்நிரலும்

ஒரு தொழிலைக் கணிப்பொறியிடம் ஒப்படைக்கக் கருதுவோர் இருவகை முயற்சிகளை மேற்கொள்ளல் வேண்டும். அத்தொழிலில் இடம்பெறும் பொருள்கள் யாவை, அவற்றிடையே அமைந்த தொடர்பு யாது என ஆராய்ந்து வரைந்துகொள்ளுதல் ஒன்று. கணிப்பொறி படிப்படியாக இயற்றவேண்டிய கட்டளைகளை எழுதுதல் மற்றொன்று. முன்னதன் பயன் மாதிரியுரு. பின்னதன் பயன் செய்நிரல். இவ்விரண்டும் பிரிந்து நிற்றல் தகுமா, ஒன்றாய் இயைதல் தகுமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இவ்வினா நமக்கு முற்றிலும் புதியதன்று. வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் என இரண்டு யாழ்ப்பாணத்தில் வழங்குவதை யாவரும் அறிவர். சந்திரனின் இயக்கத்தை விளக்கும் சித்தாந்தக் கொள்கையை மாதிரியுரு எனக் கொள்வோமாயின், அதனின்று கணித்தெடுத்து, 248 நாள்களுக்குரிய நிலைகளை எழுத்துக்களே எண்களாக நிற்கும் 248 வாக்கியங்களில் அமைத்த முறையைச் செய்நிரல் எனலாம். வாக்கியங்களை மனனஞ் செய்தவர் கொள்கையை அறியாமலே கணிக்க வல்லவராவர். இவ்வெளிமையே அம்முறையின் சிறப்பு. அதன் இடரும் அதுவே.

1825இல் சென்னையில் வெளிவந்த காலசங்கலிதம் என்னும் நூலில், ஆங்கிலப் படையில் அதிகாரியாயிருந்த ஜோன் வாரன் என்பார், புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றிக் கூறுகின்றார். அவர் நிலத்திற் சோகிகளைப் பரப்பி, நினைவிலிருந்த வாய்பாடுகளைக் கொண்டு அவ்வாண்டின் சந்திரகிரகணம் ஒன்றைக் கணித்தார். கிரகணத்தின் தொடக்கம் 4 நிமிட அளவிலேயே பிழைத்தது. முடிவோ 52 நிமிடம் பிழைத்தது. வானியற் கொள்கைகளை அவர் சிறிதும் அறிந்திலர் என்கிறார் வாரன். செய்நிரல் இருந்தது; மாதிரியுரு இல்லை. ஆதலின், பிழை எங்கே பிறந்ததெனத் தேடித் திருத்த அவருக்கு வழியில்லாது போயிற்று. கிரகணங்களைப் பல்லாண்டு கண்ணால் நோக்கி, 1431இல் திருக்கணித முறையை வகுத்த கேரளத்துப் பரமேசுவரருக்கோ அது கைகூடிற்று. கொள்கையும் கணக்கும் ஒருங்கே அவர்வசம் இருந்தமையே காரணம்.

மென்பொருள் ஆக்கத்திலும் நிலைமை இத்தகையதே. முதலிற் படங்களால் மாதிரியுரு வரைவதும் பின்னர்ச் செய்நிரல் எழுதுவதும் பலவிடத்து வழக்கம். அப்படங்களுக்கென ஒருங்கிணைந்த மாதிரியுரு மொழி என்பதும் 1997இல் நியமமாக ஏற்கப்பட்டது. ஆயினும், தேவை மாறுந்தோறும் செய்நிரலையே திருத்துகின்றனர். படம் பழையபடியே கிடக்கின்றது. சில ஆண்டுகளில் இரண்டும் இருவேறு கதை சொல்லும். எழுதியவர் விலகியபின் அப்பணியை ஏற்பவர் நிலை, புதுச்சேரிக் கணிதர் நிலையை ஒத்ததாகும்.

இப்பிரிவை நீக்கும் வழியை 1960களிலேயே காட்டியவர்கள், ஒஸ்லோவிலிருந்த நோர்வே கணிப்பு நிலையத்தைச் சேர்ந்த கிறிஸ்டன் நைகார்ட், ஓல்-யோகான் டால் என்னும் இருவர். உலகியல் நிகழ்ச்சிகளை விவரிக்கும் மொழியே கணிப்பொறியை இயக்கும் மொழியுமாக அமைதல் வேண்டும் என்பது அவர்தம் நோக்கு. அவர்கள் ஆக்கிய சிமுலா 67 என்னும் மொழியில் வகுப்பு, பொருள் என்னும் கருத்துக்கள் உருப்பெற்றன. ஒரு நூல்நிலையத்தை எடுத்துக்கொள்வோம். நூல், மாணவர், இரவல் என்பன வகுப்புகள். அலுமாரியிலுள்ள ஒவ்வொரு நூலும் ஒரு பொருள். 'ஒருவர் ஒரே வேளையில் இரண்டு நூல்களுக்கு மேற் பெறலாகாது' என்னும் விதியை மாணவர் என்னும் வகுப்பினுள்ளேயே எழுதிவிடலாம். நூலகர் படித்தால் அது விளக்கம். கணிப்பொறி படித்தால் அதுவே கட்டளை. விதி மாறும்போது திருத்தவேண்டிய இடமும் ஒன்றே.

இதனாற் படங்கள் வேண்டா என்பது கருத்தன்று. பெரிய அமைப்பொன்றை ஒரே நோக்கிற் காண்பதற்குப் படம் போல உதவுவது பிறிதில்லை. படத்திலிருந்து செய்நிரலோ, செய்நிரலிலிருந்து படமோ தானே பிறக்குமாறு அமைத்தால், ஒன்று மாற மற்றையது மாறாது நிற்கும் குறை நீங்கும்.

இன்று நம் மாணவர் பலர் செய்நிரல் எழுதப் பழகுகின்றனர். கட்டளைகளை மனனஞ் செய்தல் எளிது. அவை எவ்வுலகை விவரிக்கின்றன என உணர்ந்து எழுதுதல் அரிது. முன்னது கணிப்பைத் தரும். கணிப்புப் பிழைத்தவிடத்துத் திருத்தும் ஆற்றலைப் பின்னதே தரும்.