எல்லா அடைப்பையும் திறக்க வேண்டுமா?

இதயத்தின் அறைகளில் எப்போதும் இரத்தம் நிறைந்திருக்கிறது. ஆனாலும் இதயத் தசை தனக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பெரும்பாலும் அதிலிருந்து பெறுவதில்லை. மகாதமனியின் அடியிலிருந்து புறப்படும் இரண்டு இதயத் தமனிகளே அதற்கு இரத்தம் தருகின்றன. அவை 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலமே உள்ள குழாய்கள். அவற்றின் சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகினால், மாடி ஏறும்போது நெஞ்சு வலிக்கும். சற்று நின்றால் வலி தணியும்.

இதற்கு மாத்திரைகள் உண்டு. காலிலிருந்தோ மார்பிலிருந்தோ எடுத்த இரத்தக் குழாயைக் கொண்டு மாற்றுவழி அமைக்கும் பைபாஸ் அறுவையும் உண்டு. 1977-இல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்னும் மருத்துவர் சிறு பலூனைத் தமனிக்குள் செலுத்தி, ஊதி, அடைப்பை விரித்தார். இன்று அவ்விடத்தில் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயையும் பொருத்துகிறார்கள்.

அடைத்த குழாயைத் திறந்துவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். மாரடைப்பு வந்துவிட்டால் அப்படித்தான் செய்ய வேண்டும். அப்போது தமனி முழுவதும் அடைபட்டு, நிமிடத்துக்கு நிமிடம் தசை மடிகிறது. ஆனால் நடந்தால் மட்டும் வலிக்கும் நோயாளியின் நிலை வேறு. அவருக்கு நாளை மாரடைப்பைத் தரப்போவது, படத்தில் தெரியும் பெரிய அடைப்பாக இல்லாமலும் போகலாம். வேறோரிடத்தில் உள்ள சிறிய கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை மூடிவிடலாம். ஸ்டென்ட் காப்பது ஓரிடத்தை. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை காப்பது எல்லாத் தமனிகளையும்.

இத்தகைய 5,179 நோயாளிகளிடம் நடந்த 'இஸ்கீமியா' என்ற ஆய்வின் முடிவு 2020-இல் வெளிவந்தது. எல்லோருக்கும் மாத்திரை தரப்பட்டது. ஒரு பாதியினருக்கு ஸ்டென்ட் அல்லது பைபாஸையும் முதலிலேயே செய்யத் திட்டமிட்டார்கள். ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் இறப்பிலும் மாரடைப்பிலும் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. நெஞ்சுவலி மட்டும் சிகிச்சை பெற்றவர்களுக்கு நன்கு குறைந்தது. இடப்பக்கத் தமனியின் அடிமரத்திலேயே அடைப்பு உள்ளவர்களை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்களுக்குப் பொதுவாக மாத்திரை மட்டும் போதாது.

நீரிழிவும் பல தமனிகளில் அடைப்பும் சேர்ந்திருந்தால் கணக்கு மாறும். 2012-இல் வெளியான 'ஃப்ரீடம்' ஆய்வில் இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று ஐந்து ஆண்டுகளில் நேர்ந்தவர்கள், ஸ்டென்ட் பெற்றவர்களில் 26.6 சதவீதம், பைபாஸ் பெற்றவர்களில் 18.7. ஆனால் பக்கவாதத்தை மட்டும் தனியே பார்த்தால் பைபாஸில்தான் அதிகம்: 5.2 சதவீதம், ஸ்டென்டில் 2.4. மார்பைப் பிளக்கும் அறுவையைத் தாங்க உடலில் வலுவும் வேண்டும்.

ஆகவே மருத்துவர் படத்தை மட்டும் பார்ப்பதில்லை, நோயாளியின் பிழைப்பையும் விசாரிக்கிறார். மூட்டை தூக்குபவருக்கு மாத்திரையிலும் வலி அடங்காவிட்டால், ஆயுள் கூடாது என்று தெரிந்தும் ஸ்டென்ட் வைப்பது நியாயமே. மாதம் ஒருமுறை லேசாக வலிப்பவர் மாத்திரையுடன் இருந்து பார்க்கலாம். வலி கூடினால் ஸ்டென்டைப் பிறகும் வைத்துக்கொள்ளலாம்.