செல்லப்பிராணியா, குழந்தையின் மூச்சா? முடிவெடுக்கும் முன் வீட்டில் செய்ய வேண்டியவை!

பூனைக்குட்டியோ நாய்க்குட்டியோ வீட்டுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். குழந்தைக்குக் காலையில் தொடர் தும்மல், கண் அரிப்பு, இரவில் இருமல் என ஒவ்வொன்றாகத் தொடங்கும். ``முதல்ல அதை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுட்டு வா'' என்று பெரியவர்கள் சொல்ல, ``அது போகக் கூடாது'' என்று குழந்தை அழ, நடுவில் தவிப்பது பெரும்பாலும் அம்மாதான். அந்த முடிவுக்கு வரும் முன் வீட்டில் செய்து பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

காரணம் முடி இல்லை!

`முடி கொட்டுது, அதான் அலர்ஜி' என்பது பலரின் நம்பிக்கை. உண்மையில் அலர்ஜியைத் தூண்டுவது பிராணியின் எச்சில், தோல், சிறுநீரில் இருக்கும் புரதங்கள். பூனையில் இதற்கு முக்கியக் காரணமான புரதத்தின் பெயர் `ஃபெல் டி 1'. பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போது இந்தப் புரதம் உடலெங்கும் ஒட்டிக்கொள்கிறது. காய்ந்ததும், உதிரும் தோல் துகள்களோடு சேர்ந்து மணிக்கணக்கில் காற்றில் மிதக்கிறது. அதனால் நாய்க்கு முடியை ஒட்ட வெட்டிவிடுவதால் அலர்ஜி தீராது. `அலர்ஜி தராத ரகம்' என்று சொல்லி அதிக விலைக்கு விற்கப்படும் நாய், பூனைகளிலும் இந்தப் புரதங்கள் உண்டு.

ஒரு வாரம் பிரித்துப் பார்த்தால் தெரியுமா?

`பூனையை ஒரு வாரம் ஊர்ல விட்டுப் பார்த்தோம், அப்பவும் தும்மல் நிக்கலை. அப்போ பூனை காரணம் இல்லை' என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பூனை போன பிறகும் அதன் புரதம் சோபாவிலும் மெத்தையிலும் மாதக்கணக்கில் தங்கியிருக்கும். கரப்பான்பூச்சி, தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள், பூஞ்சை ஆகியவையும் இதே தொல்லையைக் கொடுக்கும். எனவே ஊகத்தில் பழிபோடாமல், அலர்ஜி மருத்துவரிடம் தோல் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ செய்து காரணத்தை உறுதிசெய்வது நல்லது.

படுக்கையறைதான் முதல் வேலை

குழந்தை நாளில் எட்டு, ஒன்பது மணி நேரம் இருப்பது படுக்கையறையில். அதனால் செல்லப்பிராணிக்கு அந்த அறைக்குள் அனுமதி இல்லை என்பதை வீட்டில் எல்லோரும் கடைப்பிடிக்க வேண்டும். `இன்னிக்கு ஒரு நாள் மட்டும்' என்ற சலுகையும் வேண்டாம்.

* பெட்ஷீட், தலையணை உறைகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். வெயிலில் காயவைத்துத் தட்டினால் மட்டும் இந்தப் புரதம் போய்விடாது.

* இலவம்பஞ்சு மெத்தை, தலையணைகளைத் துவைக்க முடியாது. அவற்றுக்கு ஜிப் வைத்த, தூசி புகாத உறை போடலாம்.

* பிராணியைக் கொஞ்சிய பிறகு குழந்தை கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். அதே உடையோடு படுக்கைக்குப் போகக் கூடாது.

பெருக்கும் முன் துடையுங்கள்

நம் வீடுகளில் கார்ப்பெட் குறைவு. டைல்ஸ், சிமென்ட் தரைகள்தான் அதிகம். அலர்ஜி விஷயத்தில் இது பெரிய வசதி. ஆனால், துடைப்பத்தால் பெருக்கும்போது படிந்திருக்கும் துகள்கள் மறுபடி காற்றில் எழும்பும். ஃபேனை நிறுத்திவிட்டு, ஈரத்துணியால் துடைப்பதே சரி. ஃபேன் இறக்கை, ஜன்னல் கம்பி, திரைச்சீலை, சோபா உறை ஆகியவற்றையும் மறக்க வேண்டாம். ஏ.சி ஃபில்டரை அடிக்கடி கழுவுங்கள். சுத்தம் செய்யும் நேரத்தில் குழந்தை வேறு அறையில் இருக்கட்டும்.

வசதியிருந்தால் `ஹெப்பா' ஃபில்டர் உள்ள ஏர் பியூரிஃபையரைப் படுக்கையறையில் வைக்கலாம். அது காற்றில் மிதப்பதைத்தான் பிடிக்கும். மெத்தையில் படிந்ததை நாம்தான் நீக்க வேண்டும்.

நாய் வாடை போகட்டும் என்று சாம்பிராணியும் ஊதுபத்தியும் ஏற்றுவது பல வீடுகளில் வழக்கம். வீசிங் இருக்கும் குழந்தைக்கு அந்தப் புகையே தொல்லையை அதிகமாக்கும்.

பிராணிக்குச் செய்ய வேண்டியவை

நாயைக் குளிப்பாட்டினால் புரதத்தின் அளவு குறையும். ஆனால், சில நாள்களிலேயே பழைய அளவுக்கு வந்துவிடும். அடிக்கடி குளிப்பாட்டினால் அதன் தோல் வறண்டுபோகலாம் என்பதால், எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். சீவிவிடும் வேலையை, அலர்ஜி இல்லாத ஒருவர் மொட்டைமாடியில் வைத்துச் செய்யலாம். ஆண் பூனைக்குக் கருத்தடை செய்தால் அது வெளியிடும் புரதத்தின் அளவு குறையும்.

எப்போது முடிவெடுக்க வேண்டும்?

இவற்றில் ஒன்றை மட்டும் செய்தால் பெரிய பலன் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்து, சில மாதங்கள் விடாமல் செய்ய வேண்டும். கூடவே மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தையும் இன்ஹேலரையும் நிறுத்தக் கூடாது. குழந்தை மூச்சுவிடத் திணறினாலோ, பேச முடியாமல் தவித்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆஸ்துமா கட்டுக்குள் வரவில்லை, பிராணியைப் பிரிப்பதே நல்லது என மருத்துவர் சொன்னால், தயங்க வேண்டாம். குழந்தையின் நுரையீரலோடு சோதனை செய்து பார்க்க முடியாது. ஆனால், பிராணியைத் தெருவில் விட்டுவிடாதீர்கள். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி அதைக் கைவிடுவது, 1960-ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அலர்ஜி இல்லாத உறவினர் வீடோ, நண்பர் வீடோ பார்த்து ஒப்படையுங்கள். அதைத் தேடும் வேலையில் குழந்தையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தன் செல்லம் எங்கே, யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தால், பிரிவைத் தாங்குவது அதற்குக் கொஞ்சம் எளிதாகும்.