ஆல்பம் விற்பனை புகழின் அளவுகோலா?

2023 ஏப்ரல் 24ஆம் நாள் தென்கொரியாவின் ‘செவன்டீன்’ என்னும் இசைக்குழு ஓர் ஆல்பத்தை வெளியிட்டது. முதல் வாரத்திலேயே 45 லட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றதாக அந்நாட்டின் ஹான்டியோ விற்பனைப் பட்டியல் அறிவித்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ‘ஸ்ட்ரே கிட்ஸ்’ என்னும் மற்றொரு குழு அதையும் மிஞ்சியது. அதன் ஆல்பம் முதல் வாரத்தில் 46 லட்சத்தைத் தாண்டிற்று. 2023 முழுவதிலும் விற்ற கொரிய ஆல்பங்கள் 10 கோடிக்கும் அதிகம் என்கிறது சர்க்கிள் என்னும் மற்றொரு பட்டியல். தென்கொரியாவின் மக்கள்தொகையோ சுமார் 5 கோடியே 17 லட்சம்தான்!

ஜப்பான், அமெரிக்கா, சீனா முதலிய நாடுகளுக்கும் இந்த ஆல்பங்கள் பெருமளவில் ஏற்றுமதியாகின்றன என்பது உண்மையே. ஆயினும் இன்று பெரும்பாலோர் பாட்டுக் கேட்பது கைப்பேசியில். குறுந்தட்டைச் சுழற்றும் கருவி பல வீடுகளில் கிடையாது. அப்படியிருக்க, இத்தனை தட்டுகளை வாங்குவோர் யார்? இந்த எண்கள் உண்மையான புகழைக் காட்டுகின்றனவா?

வெப்பமானி உடலின் வெப்பத்தைச் சரியாகவே காட்டும். ஆனால் அதைக் கொண்டு உடலின் எடையைச் சொல்ல முடியாது. ஆகவே, ஓர் எண் மெய்யா பொய்யா என்று கேட்பதற்கு முன்னால், அது எதை அளக்கிறது என்று கேட்க வேண்டும்.

எதை எண்ணுகிறார்கள்?

தென்கொரியாவில் இரண்டு முக்கியமான பட்டியல்கள் உள்ளன. 1993இல் தோன்றிய ஹான்டியோ, தன்னோடு இணைந்த கடைகளில் விற்பனையாகும் பிரதிகளை உடனுக்குடன் எண்ணுகிறது. 2010இல் ‘காவோன்’ என்ற பெயரில் தொடங்கி, 2022இல் ‘சர்க்கிள்’ எனப் பெயர் மாறிய பட்டியலின் முறை வேறு. தயாரிப்பாளரிடமிருந்து கடைகளுக்கு அனுப்பப்பட்ட பிரதிகளைக் கூட்டி, திரும்பி வந்தவற்றை அது கழித்துக் கொள்கிறது. எனவே கடையின் கிடங்கில் தூங்கும் பிரதியும், திரும்பி வரும்வரை, இந்தக் கணக்கில் உண்டு. ஒரே ஆல்பத்துக்கு இரு வேறு எண்கள் வெளிவருவதற்கு இதுவே முதற்காரணம்.

ஆனால் இரண்டு பட்டியல்களுக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. இரண்டுமே பிரதிகளைத்தான் எண்ணுகின்றன, மனிதர்களை எண்ணவில்லை.

உறைக்குள் இருக்கும் அட்டை

ஒருவர் ஒரே ஆல்பத்தைப் பல முறை வாங்குவது ஏன்? உறையைத் திறந்து பார்த்தால் விடை கிடைக்கும். உள்ளே குறுந்தட்டு, படப் புத்தகம் ஆகியவற்றுடன் ஒரு சிறு புகைப்பட அட்டையும் இருக்கும். குழுவிலுள்ள யாரோ ஒருவரின் படம் அதில் இருக்கும். யாருடைய படம் என்பது உறையைப் பிரித்த பின்னரே தெரியும். 2010இல் ‘கேர்ள்ஸ் ஜெனரேஷன்’ குழுவின் ஆல்பத்தில் இந்த அட்டை இடம்பெற்ற பிறகு வழக்கம் பரவி, இன்று ஏறத்தாழ எல்லாக் குழுக்களின் ஆல்பங்களிலும் அட்டை உண்டு. ஒரே பாடல்களை வெவ்வேறு அட்டைப்படங்களுடன் பல பதிப்புகளாக வெளியிடுவதும் வழக்கமாகிவிட்டது.

இன்னொன்று, கையெழுத்துச் சந்திப்பு. குறிப்பிட்ட நாட்களுக்குள் குறிப்பிட்ட கடையில் ஆல்பம் வாங்கியோரிலிருந்து குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்தெடுத்து, கலைஞர்களை நேரில் காண அனுமதிப்பார்கள். பிரதி ஒவ்வொன்றும் ஒரு குலுக்கல் சீட்டு. பத்துப் பிரதி வாங்கினால் பத்துச் சீட்டு!

கொரிய நுகர்வோர் முகமை 2023இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கிற்று. குறுந்தட்டு வாங்கியோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அட்டை போன்ற இணைப்புப் பொருள்களைச் சேர்ப்பதற்காகவே வாங்கியதாகக் கூறினர். குறுந்தட்டைப் போட்டுப் பாட்டுக் கேட்பவர்களோ, நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை.

பகடை சொல்லும் கணக்கு

இங்கே ஒரு சுவையான நிகழ்தகவுக் கணக்கு மறைந்திருக்கிறது. ஒரு குழுவில் ஆறு பேர் என்று வைத்துக் கொள்வோம். ஓர் ஆல்பத்துக்கு ஓர் அட்டை; ஆறு படங்களுக்கும் வாய்ப்பு சமம். ஆறு படங்களையும் சேர்க்கச் சராசரியாக எத்தனை ஆல்பம் வாங்க வேண்டும்?

ஆறு என்று சொல்லத் தோன்றும். அது தவறு. முதல் அட்டை எதுவாயினும் புதியதே. அடுத்து வாங்கும்போது புதிய அட்டை கிடைக்கும் வாய்ப்பு ஆறில் ஐந்து. அதற்குச் சராசரியாக 1.2 ஆல்பங்கள் தேவை. மூன்றாவது புதிய அட்டைக்கு 1.5, நான்காவதற்கு 2, ஐந்தாவதற்கு 3. கடைசியாக எஞ்சிய ஒரே ஒரு படத்துக்கு மட்டும் 6! அனைத்தையும் கூட்டினால் 14.7 வருகிறது. செவன்டீன் போல 13 பேர் உள்ள குழுவுக்கு இதே முறையில் கணக்கிட்டால் 41க்கு மேல் வரும்.

நீங்களே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு பகடையை எடுத்து, ஒன்று முதல் ஆறு வரை எல்லா முகங்களும் ஒரு முறையேனும் விழும்வரை உருட்டுங்கள். எத்தனை முறை உருட்டினீர்கள் என்று குறித்துக் கொள்ளுங்கள். இருபது முப்பது தடவை இவ்வாறு செய்து சராசரி எடுத்தால், அது 15ஐ ஒட்டி வருவதைக் காண்பீர்கள். ரசிகர்கள் தங்களுக்குள் அட்டைகளை மாற்றிக் கொள்வதால் நடைமுறையில் இந்தச் சுமை ஓரளவு குறைகிறது. இருந்தாலும், கடைசி அட்டையைத் தேடும் ஆவலே விற்பனையைப் பெருக்குகிறது என்பது விளங்குகிறது அல்லவா?

ஆட்களா, பிரதிகளா?

கற்பனையாக இரண்டு குழுக்களை எடுத்துக் கொள்வோம். முதல் குழுவின் ஆல்பத்தை ஒரு லட்சம் பேர் ஆளுக்குப் பத்தாக வாங்குகிறார்கள். இரண்டாவது குழுவின் ஆல்பத்தை ஆறு லட்சம் பேர் ஆளுக்கு ஒன்றாக வாங்குகிறார்கள். பட்டியலில் முதல் குழுவே முன்னிற்கும். ஆனால் அதிகம் பேருக்குத் தெரிந்த குழு எது? விற்பனை எண் என்பது ஆட்களின் தொகையையும் ஒவ்வொருவர் வாங்கும் சராசரியையும் பெருக்கி வருவது. பெருக்கல் விடையை மட்டும் பார்த்து அந்த இரண்டு எண்களைப் பிரித்தறிய முடியாது.

இதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. 2012இல் சை என்னும் பாடகரின் ‘கங்னம் ஸ்டைல்’ உலகெங்கும் ஒலித்தது. யூடியூபில் முதன்முதலாக 100 கோடி முறை பார்க்கப்பட்ட காட்சி அதுவே. ஆனால் அவ்வாண்டின் கொரிய ஆல்பம் பட்டியலில் முதலிடம் பெற்றது அந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பம் அன்று; ‘சூப்பர் ஜூனியர்’ குழுவின் ஆல்பமே. ஒன்று பரந்த புகழ். மற்றொன்று ஆழ்ந்த பற்று. இரண்டும் உண்மையே. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

எண்ணும் விதியை மாற்றினால் வரிசையும் மாறும். மெலான் என்னும் கொரிய இசைச் சேவை 2020இல் தன் பட்டியலில் ஒரு திருத்தம் செய்தது. ஒருவர் ஒரு பாட்டை ஒரு நாளில் எத்தனை முறை கேட்டாலும் ஒரு முறையாகவே கொண்டது. அதே ஆண்டில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலும், சட்டை, நுழைவுச்சீட்டு போன்றவற்றோடு இணைத்து விற்கும் ஆல்பங்களைப் பழைய முறையில் கணக்கில் சேர்ப்பதை நிறுத்தியது.

மோசடியும் வழக்கமும்

பட்டியலில் இடம் பிடிப்பதற்காகத் தயாரிப்பாளரே தம் ஆல்பத்தை மொத்தமாக வாங்குவது தென்கொரியச் சட்டப்படி குற்றம். ஆனால் ரசிகர் ஒருவர் தம் விருப்பப்படி ஐம்பது வாங்கினால் அது குற்றமாகாது. இவ்விரண்டுக்கும் நடுவே இன்னொன்றும் பேசப்படுகிறது. விநியோகஸ்தர்கள் முதல் வாரத்தில் தேவைக்கு மேல் வாங்கி வைத்து, பின்னர் கையெழுத்துச் சந்திப்புகளின் மூலம் மெல்ல விற்றுத் தீர்ப்பதாம். 2024 ஏப்ரலில் இத்தொழிலுக்குள்ளிருந்தே இக்குற்றச்சாட்டு பகிரங்கமாக எழுந்தது. குற்றம் சாட்டப்பட்ட நிறுவனம் அதை மறுத்தது.

எண்ணின் விலை

இந்தப் போட்டிக்கு ஒரு விலை உண்டு. ஆல்பம் தயாரிப்பாளர்கள் பயன்படுத்திய பிளாஸ்டிக் 2017இல் சுமார் 56 டன். 2022இல் சுமார் 800 டன். அட்டையை எடுத்துக்கொண்டு வீசப்படும் தட்டுகள் குப்பையாகின்றன. இதைக் கண்டு வருந்திய ரசிகர்களே 2021இல் ‘கேபாப் ஃபார் பிளானட்’ என்னும் இயக்கத்தைத் தொடங்கினர். வேண்டாத ஆல்பங்களை ஆயிரக்கணக்கில் திரட்டி, தயாரித்த நிறுவனங்களுக்கே திருப்பிக் கொடுத்தனர். மாணவப் பருவத்தினரின் கைச்செலவுப் பணம் கரைவது மற்றொரு விலை. தம் குழு பின்தங்கிவிடக் கூடாதே என்ற கவலையில் வாங்குவோரும் உண்டு. 2024இல் ஆண்டு விற்பனை 10 கோடிக்குக் கீழே இறங்கியது. அதனால் அந்த இசையைக் கேட்பவர்கள் அதே அளவு குறைந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியுமா? முடியாது. ஆளுக்கு வாங்கும் எண்ணிக்கை குறைந்தாலும் மொத்தம் குறையும்.

ஆகவே ஆல்பம் விற்பனை வெறும் பொய்யன்று. ஒரு குழுவின் தீவிர ரசிகர்கள் எவ்வளவு செலவிட ஆயத்தமாக இருக்கிறார்கள் என்பதை அது நன்றாகவே அளக்கிறது. எத்தனை பேர் அந்தப் பாட்டை விரும்புகிறார்கள் என்பதை அளப்பதில்லை. இனி எந்தத் துறையிலாயினும் ‘இத்தனை லட்சம்’ என்ற செய்தியைக் காணும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்: எண்ணியது எதை? எண்ணியது எந்த இடத்தில்? ஒரே ஆளை எத்தனை முறை எண்ணினார்கள்?