தை பிறந்தும் ஏன் சீக்கிரம் விடியலை?

மார்கழியிலதான் பகல் குறைவு, தை பிறந்தா சீக்கிரம் விடிஞ்சிரும்னு வீட்டுல பெரியவங்க சொல்லுவாங்க. ஆனா ஜனவரி கடைசியில காலை ஆறு மணி டியூசனுக்கு சைக்கிள் மிதிக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க. தெருவிளக்குதான் துணைன்னு சொல்வாங்க. இதுல யார் சொல்றது சரி?

தேனிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். (ஓரிரு நிமிடம் முன்பின் இருக்கலாம்.)

நவம்பர் 15: உதயம் 6.15, மறைவு 5.55
டிசம்பர் 21: உதயம் 6.32, மறைவு 6.04
ஜனவரி 28: உதயம் 6.43, மறைவு 6.23
ஜூன் 21: உதயம் 6.01, மறைவு 6.43

பகல் மிகக் குறைவாக இருப்பது டிசம்பர் 21, 22-ல்தான். அப்போது 11 மணி 32 நிமிடம். அந்த மட்டும் பெரியவங்க சொன்னது சரி. ஆனால் சூரியன் மிகத் தாமதமாக உதிப்பது தை நடுவில்! மிகச் சீக்கிரம் மறைவதோ கார்த்திகைப் பக்கம். நவம்பர் 15, ஜனவரி 28 இரண்டையும் பாருங்க. இரண்டு நாளும் பகல் 11 மணி 40 நிமிடம்தான். இருந்தும் உதயத்தில் 28 நிமிடம் வித்தியாசம்.

காரணம் என்ன? பூமியின் அச்சு 23½ டிகிரி சாய்ந்திருப்பதால் பகல் நீள்வதும் குறுகுவதும் நமக்குத் தெரியும், பாடப்புத்தகத்தில் இருக்கு. பாடத்தில் அதிகம் சொல்லாதது இன்னொன்று. சூரியன் உச்சிக்கு வரும் நேரமும் தினமும் நகருது. பூமியின் பாதை நீள்வட்டம், ஜனவரி தொடக்கத்தில் அது சூரியனுக்கு அருகில் வேகமாக ஓடுகிறது. அந்த வேகமும் அச்சின் சாய்வும் சேர்ந்து டிசம்பர் கடைசியில் உச்சிப்பொழுதை தினம் சுமார் அரை நிமிடம் பின்னால் தள்ளுது. நவம்பர் தொடக்கத்தில் 12.04-க்கு வரும் உச்சிப்பொழுது, பிப்ரவரியில் 12.34-க்குத்தான் வரும். உச்சி தள்ளிப்போனால் உதயமும் மறைவும் கூடவே தள்ளிப்போகும்.

லண்டனில் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவிலிருந்து 16½ மணி நேரத்துக்கு மேல் வரை மாறும். அங்கே பகல் மளமளவென்று நீள்வதால் ஜனவரி முதல் வாரத்திலேயே உதயம் முன்னே வரத் தொடங்கிவிடும். நாம 10 டிகிரி அட்சத்தில் இருக்கோம். வருசம் முழுக்க பகல் மாறுவதே 70 நிமிடம்தான். அதனாலதான் தை நடுவரை உச்சிப்பொழுதின் நகர்வே ஜெயிக்குது.

இது சும்மா கணக்கு இல்லை. நோன்பு வைக்கிற நண்பர்கள் நம்ம வகுப்பிலேயே இருக்காங்க. சென்னை நேரம் போட்ட காலண்டரைப் பார்த்து இங்கே நோன்பு திறக்க முடியுமா? முடியாது. சென்னை நமக்குக் கிழக்கே, கொஞ்சம் வடக்கேயும் இருக்கு. ஜூனில் அங்கே 6 நிமிடம்தான் முன்னால் மறையும். டிசம்பரிலோ 17 நிமிடம்! ரம்ஜான் வருசத்துக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்வதால், 2030-ல் ஜனவரியிலும் டிசம்பர் கடைசியிலுமாக இரண்டு தடவை தொடங்கும். அப்போ சென்னை நேரத்தை நம்பினால், இங்கே சூரியன் இருக்கும்போதே நோன்பு திறந்ததாகிவிடும். அதான் பள்ளிவாசல்ல நம்ம பகுதிக்கான நேர அட்டை தர்றாங்க.

கம்பம் பக்கம் இன்னொரு குழப்பம். மேற்கே மலை மறைக்குது. காலண்டர் சொல்வதற்கு முன்பே வெயில் போயிரும், ஆனா அது அஸ்தமனம் இல்லை. கிழக்கே மேகமலை அடிவாரத்தில் இருக்கிறவங்களுக்கு இதே கதை காலையில நடக்கும். மலை எவ்வளவு நேரத்தைத் திருடுதுன்னு அளக்கலாம். கையை முழுசா நீட்டி முஷ்டியை மடக்குங்க. அதன் அகலம் சுமார் 10 டிகிரி, அதாவது கிட்டத்தட்ட 40 நிமிடம். அரை முஷ்டி உயர மலைன்னா 20 நிமிடம். (சூரியனை நேரா பார்க்காதீங்க, மலையை மட்டும் அளந்தா போதும்.)

உச்சிப்பொழுதையும் நாமே பார்க்கலாம். வருசத்தில் இரண்டு தடவை சூரியன் நம்ம தலைக்கு நேர் மேலே வரும், ஏப்ரல் 16 வாக்கில் ஒரு தடவை, ஆகஸ்ட் 27 வாக்கில் ஒரு தடவை. ஏப்ரல்ல பரீட்சை, யாரும் வரமாட்டீங்க. அதனால ஆகஸ்ட் 27, மேகம் இல்லைன்னா, மதியம் 12.15-க்கே கொடிக்கம்பம் பக்கம் வந்திருங்க. செங்குத்தா நிறுத்தின குச்சியோட நிழல் 12.21-க்கு அதன் காலடியிலேயே ஒடுங்கிரும். நேரான குச்சியும் தூக்குக்குண்டும் நான் கொண்டு வரேன், கடிகாரம் யாராவது சரியா வச்சு எடுத்துட்டு வாங்க.