மாக்கின்டோஷ் பிளஸ் திரைப் பழுதறிதல்

மாக்கின்டோஷ் பிளஸ் திரைப் பழுதறிதல் என்பது, ஆப்பிள் நிறுவனம் 1986 முதல் 1990 வரை விற்பனை செய்த மாக்கின்டோஷ் பிளஸ் கணினியின் கறுப்பு வெள்ளைத் திரையில் ஏற்படும் பழுதின் இடத்தைக் கண்டறியும் முறையாகும். இக்கணினியில் திரையும் ஏனைய உறுப்புகளும் ஒரே பெட்டிக்குள் அமைந்துள்ளன. எனவே திரை இருண்டவுடன் கணினி முழுவதும் செயலிழந்துவிட்டதாகக் கருதப்படுவதுண்டு. ஆனால் வெடித்துப்போன ஒரு பற்றாசு இணைப்பு மட்டுமே காரணமாக இருக்கும் நேர்வுகள் பல.

அமைப்பு

இதன் திரை 9 அங்குல எதிர்மின் கதிர்க் குழாய் ஆகும். இது 512 × 342 படப்புள்ளிகளைக் காட்டும். பெட்டியின் அடியில் செயலி, நினைவகம் ஆகியவற்றைக் கொண்ட தருக்கப் பலகை உள்ளது. முன்புறமிருந்து பார்க்கும்போது இடப்பக்கத்தில் செங்குத்தாக நிற்பது ஒப்புமைப் பலகை ஆகும். மின்வழங்கியும் திரையை இயக்கும் சுற்றுகளும் இதில் அடங்கும்.

குழாயின் கழுத்தைச் சூழ்ந்துள்ள விலக்கச் சுருள்கள் எதிர்மின்னிக் கற்றையைக் கிடையாக நொடிக்கு ஏறத்தாழ 22,250 தடவையும், செங்குத்தாக ஏறத்தாழ 60 தடவையும் நகர்த்துகின்றன. கிடைவிலக்கச் சுற்றே ஃப்ளைபேக் மின்மாற்றியையும் இயக்குகிறது. குழாய்க்குத் தேவையான 10,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் இம்மின்மாற்றியிலிருந்து கிடைக்கிறது. பழுதறிதலுக்கு இத்தொடர்பே அடிப்படையாகும்.

அறிகுறிகளும் காரணங்களும்

செங்குத்துக் கோடு: திரையின் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு மட்டும் தெரிந்தால் கிடைவிலக்கம் நிகழவில்லை என்பது பொருள். எனினும் ஒளி தெரிவதால் உயர் மின்னழுத்தம் உள்ளது. அதாவது கிடைவிலக்கச் சுற்று இயங்குகிறது. ஆகவே பழுது அச்சுற்றுக்கும் சுருளுக்கும் இடைப்பட்ட பாதையில், பெரும்பாலும் சுருளின் கம்பிகள் பலகையில் சேரும் இணைப்பியில் இருக்கும்.

கிடைக்கோடு: செங்குத்து விலக்கச் சுற்றிலோ அதன் இணைப்பிலோ பழுது உள்ளது.

இருண்ட திரை: தொடக்க ஒலி கேட்டால் தருக்கப் பலகை பெரும்பாலும் நலமாக உள்ளது. முதலில் ஒளிர்வுத் திருகியைச் சரிபார்க்க வேண்டும். அடுத்து, ஃப்ளைபேக் மின்மாற்றி, அதனை இயக்கும் டிரான்சிஸ்டர், அருகிலுள்ள மின்தேக்கி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

விட்டுவிட்டு எழும் 'டிக் டிக்' ஒலி: மின்வழங்கி இயங்கத் தொடங்கி, மிகைச்சுமையால் நின்று, மீண்டும் தொடங்குகிறது. எங்கோ குறுக்குச்சுற்று உள்ளது என்பதற்கு இது அடையாளம்.

சதுரங்கக் கட்டம் போன்ற நிலையான கோலம்: திரைச்சுற்றுகள் நலமாக உள்ளன. பழுது தருக்கப் பலகையில் உள்ளது.

வெடிப்பு ஏற்படும் விதம்

மாக்கின்டோஷ் பிளஸ் கணினியில் மின்விசிறி இல்லை. வெப்பம் மேற்புறத் துளைகள் வழியாகவே வெளியேற வேண்டும். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் பலகை சூடேறி விரிந்து, நிறுத்தியபின் சுருங்குகிறது. பல ஆண்டுகளில், இணைப்பியின் ஊசிகளைச் சுற்றியுள்ள பற்றாசில் வளைய வடிவ வெடிப்புத் தோன்றுகிறது. பெட்டியின் இடப்பக்கத்தை மெல்லத் தட்டும்போது படம் மீண்டால் இவ்வெடிப்பையே ஐயுற வேண்டும். 1987 இல் வெளிவந்த மாக்கின்டோஷ் எஸ்இ கணினியில் மின்விசிறி சேர்க்கப்பட்டது.

பாதுகாப்பு

மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் குழாயில் உயர் மின்னழுத்தம் எஞ்சியிருக்கக்கூடும். காப்பிடப்பட்ட கருவியைக் கொண்டு, உயர்மதிப்புத் தடையின் வழியாக அதனை நிலத்தொடுப்புக்கு வெளியேற்ற வேண்டும். இதில் பயிற்சி இல்லாதவர்கள் பெட்டியைத் திறக்கலாகாது. குழாயின் கழுத்து மெல்லிய கண்ணாடியாலானது. அது முறிந்து காற்று உட்புகுந்தால் குழாய் பயனற்றுப்போகும். கோடு மட்டும் தெரியும் நிலையில் கணினியைத் தொடர்ந்து இயக்கக் கூடாது. ஓரிடத்தில் குவியும் கற்றை, திரையின் ஒளிர்பூச்சை நிலையாகக் கருக்கிவிடும்.

பழுது நீக்கல்

பின்மூடியை ஐந்து திருகாணிகள் பிடித்துள்ளன. அவற்றுள் இரண்டு கைப்பிடிக் குழியின் உள்ளே ஆழத்திலும், ஒன்று மின்கல அறையிலும் உள்ளன. ஒப்புமைப் பலகையைக் கழற்றி, உருப்பெருக்கியால் இணைப்புகளைப் பார்வையிட வேண்டும். வெடித்த இடங்களில் பழைய பற்றாசை உறிஞ்சி நீக்கிப் புதிதாகப் பற்றவைத்தல் வேண்டும். பழையதன் மேல் சூடேற்றுவது மட்டும் நெடுநாள் நிலைக்காது. மீண்டும் இயக்கியபின் 5 வோல்ட், 12 வோல்ட் வழங்கல்களை அளந்து சரிபார்த்தல் நன்று.