செவிக்கு ஏது சாதி?

"இதெல்லாம் ஒரு இசையா?"

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் யார்? சபா மண்டபத்திலிருந்து வருபவர் கானாப் பாட்டைப் பார்த்துக் கேட்கிறார். ராக் இசையில் திளைக்கும் இளைஞர் நாகசுரத்தைப் பார்த்துக் கேட்கிறார். திரைப்பாட்டே போதும் என்பவர் மேல்நாட்டுப் பியானோவைப் பார்த்துக் கேட்கிறார். அவரவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடி அடுத்த தெருவுக்குத் தீர்ப்பு எழுதுகிறார்கள். அந்தத் தெருவுக்குள் கால் வைத்தது உண்டா என்றால், இல்லை!

நாம் கால் வைத்துப் பார்த்தோம். பல வகை இசைத்தட்டுகளை முதலிலிருந்து முடிவு வரை, இடையில் தாவாமல் கேட்டோம். நாம் இசைப் புலவர் அல்லோம். சுரம் பிரித்து விளக்கும் புலமை நமக்கில்லை. இரண்டு செவியும் ஒரு நெஞ்சமும் உண்டு; அவை சொன்னதைச் சொல்கிறோம்.

முழுத்தட்டையும் கேட்பானேன் என்பீர்கள். பழைய 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடப் பாட்டுத்தான் அடங்கும். அத்தகைய தட்டுகள் சிலவற்றை உறையிட்டுப் புத்தகம்போல் கட்டி விற்றார்கள். அதனால்தான் 'ஆல்பம்' என்ற பெயர். 1948இல் கொலம்பியா நிறுவனம் நீண்ட நேரம் ஓடும் தட்டைக் கொண்டுவந்தது. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது. கலைஞன் தொடர்ச்சியாகச் சிந்திக்கவும் வழி பிறந்தது. கைப்பேசியில் அரைப்பாட்டோடு அடுத்ததற்குத் தாவுகிறவன், நாடகத்தில் ஒரு காட்சி மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போகிறவன்தானே?

முதலில் ஜாஸ். மைல்ஸ் டேவிசின் 'கைண்ட் ஆப் புளூ', 1959. நியூயார்க்கில், முன்பு தேவாலயமாக இருந்த ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது. டேவிசின் எக்காளம் கத்தவில்லை, கெஞ்சவும் இல்லை. பேச வேண்டியதைப் பேசிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. அந்த மௌனத்திலும் இசை கேட்டது நமக்கு. தட்டு வெளிவந்த அதே ஆகஸ்டு மாதத்தில், தாம் வாசித்துக்கொண்டிருந்த இசையரங்கின் வாசலில் நின்ற அந்தக் கறுப்பினக் கலைஞரைப் போலீசார் தலையில் அடித்துக் குருதி வழியச் செய்தனர். உள்ளே கைதட்டல், வெளியே தடியடி! இதை அறிந்தபின் அந்தத் தட்டின் அமைதி நமக்கு வேறு பொருள் தந்தது.

அதே கூடத்தில்தான் 1955இல், 22 வயதுக் கனடா இளைஞர் கிளென் கூல்டு, பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' இசையைப் பியானோவில் பதிந்தார். ஏறக்குறைய 38 நிமிடம், பாய்ந்தோடும் ஆறு. 1981இல் மீண்டும் அதே இசை. இப்போது 51 நிமிடம். விட்டுவிட்ட மறுவாசிப்புகள் சிலவற்றைச் சேர்த்தார். அடியெடுத்துப் பார்த்துப் பார்த்து நடந்தார். மறு ஆண்டே மறைந்தார். வாசிக்கும்போதே அவர் வாய்க்குள் முனகுவதும் தட்டில் கேட்கிறது. பளிங்கு மாளிகை என்று எண்ணிப் போனோம். உள்ளே ஒரு மனிதர் இருந்தார்.

அடுத்து அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் கொண்ட கண்ட்ரி இசை. ஜானி கேஷ் 1968 ஜனவரியில் கலிபோர்னியாவின் போல்சம் சிறைக்குள் கைதிகள் முன் பாடிய தட்டு. குரலில் நகாசு இல்லை, கரடுமுரடு. ஆனால் அங்கே சிறைப்பட்டிருந்த ஒருவர் எழுதிய பாட்டையும் கேஷ் பாடுகிறார். கைதியின் சொல்லுக்கு மேடை கிடைத்தது. கைதிகளின் ஆரவாரம் எழும்போது நம் உடல் சிலிர்த்தது.

கியூபாவின் 'புவெனா விஸ்டா சோஷியல் கிளப்', 1997. மறக்கப்பட்ட முதியவர்களைத் தேடிப்பிடித்து ஹவானாவில் பதிவு செய்தார்கள். அவர்களில் இப்ராகிம் பெரர், பாட்டை விட்டுவிட்டுக் காலணிக்கு மெருகு போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தவர். மொழி நமக்குப் புரியவில்லை. புரியாவிட்டால் என்ன? அந்தக் குரலின் கனிவுக்கு அகராதி வேண்டுமா?

எல்லாம் இனித்தன என்று சொன்னால் பொய். ஜான் கோல்ட்ரேன் 1965இல் பதினொருவரைக் கூட்டிப் பதிந்த 'அசென்ஷன்' நமக்குப் பிடிபடவில்லை. நாற்பது நிமிடம் புயலில் நின்றதுபோல் இருந்தது. பிடிக்கவில்லை என்பதைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஆனால் 'பிடிக்கவில்லை' என்பது வேறு. 'இழிவு' என்பது வேறு. முன்னது நம் செவியைப் பற்றிய செய்தி. பின்னது பிறர் பிறப்பைப் பற்றிய தீர்ப்பு.

நம் மண்ணுக்கு வருவோம். பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 1986இல் 'ஹவ் டு நேம் இட்' தட்டைத் தந்தார். தியாகராயருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். வி.எஸ். நரசிம்மனின் வயலின் இரு கரைகளுக்கும் பாலம் போடுகிறது. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று தலைப்பே கேட்கிறது. பெயர் தேடி நாம் அலையவில்லை. பாலத்தில் நடந்தோம், அவ்வளவுதான்.

2018இல் சென்னையில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினரின் பாடல்களில் கானாவும் பறையும் ராப்பும் கைகோத்து வருகின்றன. நயமாக இல்லை என்கிறார்கள். சாவு வீட்டில் மட்டும் ஒலிக்கலாம் என்று ஒதுக்கி வைத்த பறை, நயமாகவா பேசும்? கேட்டபோது நமக்கு இனிமையைவிட நிமிர்வு வந்தது. அதுவும் இசையின் வேலைதானே?

கச்சேரிக்குத் தமிழே ஆகாது, துக்கடாவாகக் கடைசியில் பாடினால் போதும் என்றிருந்த நாட்டில்தான், அண்ணாமலை செட்டியார் முன்நிற்க 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது. "உன் பாட்டு மேடைக்குத் தகாது" என்ற சொல் எப்படிச் சுடும் என்பதை அனுபவித்தவர்கள் நாம். அதே சொல்லைக் கானா பாடுபவனிடம் நாமே சொல்லலாமா? பட்ட காயம் பண்பைத் தர வேண்டாமா?

அருமை நண்பர்களே! நீங்கள் இதுவரை ஒதுக்கிய இசை எதுவோ, அதில் ஒரு தட்டை எடுங்கள். முழுதும் கேளுங்கள். பிடித்தால் மகிழுங்கள், பிடிக்காவிட்டால் வைத்துவிடுங்கள். கேட்காமல் மட்டும் தள்ளாதீர்கள். செவியைத் திறப்போம், தீர்ப்பைப் பிறகு எழுதுவோம்!